முதற் சிறகு

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் அமைந்த சிற்றூர் ஒன்றில், நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடைபெற்ற ஓர் இரவு அது. மாணவர்கள் சமைத்த உணவை ஊர்ச் சிறுவர்களோடு பகிர்ந்துண்டு, பள்ளி முற்றத்தில் அமர்ந்திருந்தோம். காவலூர் வானாய்வகம் இம்மலைத் தொடரில் அமையக் காரணமான தெளிந்த வானம் தலைக்கு மேல் விரிந்து கிடந்தது. விண்மீன்களுக்கிடையே சிவந்த விளக்கொன்று இமைத்து இமைத்து நகர்ந்தது. சற்றுப் பிந்தி அதன் ஒலியும் வந்து சேர்ந்தது. உண்டு உறைவிடப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பயிலும் சிறுவன் ஒருவன் நம் பக்கம் திரும்பினான்.

"சார், அத ஓட்டுறவருக்கு மொதல்ல யாரு சார் கத்துக் குடுத்தது?"

விமானத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று அவன் கேட்டிருந்தால், 1903ஆம் ஆண்டையும் ரைட் சகோதரர்களையும் சொல்லி விடையிறுத்திருப்போம். அவன் கேட்டதோ கண்டுபிடித்தவரை அன்று, கற்றுக் கொடுத்தவரை. ஆசிரியப் பணியில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் அக்கேள்வி நமக்குத் தோன்றியதில்லை. அன்றிரவு ஏதோ சொல்லிச் சமாளித்தோம். மலையிறங்கி வந்தபின் நூலகத்தில் தேடினோம். தேடியதில் கிடைத்த விடை விமானத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

காப்பியத்தில் ஒரு பயிற்சி

பறத்தல் பற்றிய பேச்சு தமிழில் எழுந்தால், வலவன் இல்லாமல் இயங்கும் வானூர்தியைப் பாடிய புறநானூற்றை மேடைதோறும் நினைவூட்டுகிறோம். பெருமைதான். ஆயினும் அதனினும் நுட்பமான செய்தி சீவக சிந்தாமணியில் உண்டு. தனக்குத் தீங்கு வரப்போவதை உணர்ந்த சச்சந்தன், தச்சனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். செய்வித்ததோடு அவன் நிறைவடையவில்லை. அப்பொறியை இயக்கும் முறையைத் தேவி விசயைக்கு முன்னதாகவே பயிற்றுவிக்கிறான். கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்ந்த நாளில், கருவுற்றிருந்த அவள் அப்பொறியேறித் தப்புகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். பயிற்சி அளிக்கப்படாதிருந்தால் பொறி இருந்தும் பயனில்லை, காப்பியமும் இல்லை. திருத்தக்க தேவர் கருவியை மட்டும் பாடாமல் பயிற்சியையும் சேர்த்தே பாடியிருக்கிறார் என்பதை நாம் வகுப்பில் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

இதன் மறுபக்கத்தை ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரின் வரலாறு காட்டுகிறது. 9ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் என்னும் அறிஞர் இறகுகளைப் பூட்டிக்கொண்டு பறக்க முயன்றார் என்றும், காற்றில் சிறிது தொலைவு சென்றபின் இறங்குகையில் முதுகில் அடிபட்டார் என்றும் 17ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்மக்கரி எழுதிவைத்துள்ளார். பறவை இறங்கும்போது வால் துணைசெய்வதை அவர் கருதவில்லை என்பதே அக்குறிப்பு தரும் காரணம். ஏறக் கற்றவர்க்கு இறங்கக் கற்பிக்க ஆளில்லை. முன்னோடிகளின் துயரம் என்றும் இதுதான். அவர்களுக்கு ஆசிரியர் இல்லை.

அஞ்சாமை கற்பித்த முறை

முதல் உலகப் போரின்போது பறக்கக் கற்பித்தல் பெரும்பாலும் விலக்குகளின் தொகுப்பாகவே இருந்தது. இதைச் செய்யாதே, அவ்வளவு சாய்க்காதே, சுழற்சியில் சிக்கினால் உயிர் பிழைக்க மாட்டாய் என்று சொல்லி அனுப்பினர். பகைவர் குண்டுக்கு முன்பே பயிற்சித் திடலில் மாண்ட இளைஞர் பலர்.

1917இல் ராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் ஆங்கிலேய அதிகாரி, காஸ்போர்ட் என்னுமிடத்தில் அம்முறையைத் தலைகீழாக மாற்றினார். ஆசிரியரும் மாணவரும் ஒரே விமானத்தில் அமர்வர். இருவர் கையிலும் இயக்குகோல் இருக்கும். ஆசிரியர் பேசுவது ஒரு குழாய் வழியே மாணவர் செவியை அடையும். ஆபத்தான நிலைகளை ஒளிக்காமல், ஆசிரியரே வேண்டுமென்று விமானத்தை அந்நிலைக்குக் கொண்டுசென்று, அதிலிருந்து மீள்வது எவ்வாறு என்று மாணவர் கையாலேயே செய்விப்பார். தவறு நேராமல் தடுப்பதைவிட, தவறு நேர்ந்தால் மீளும் வழியைக் கற்பிப்பதே ஆசிரியப் பணி என்று நிலைநாட்டிய முறை இது. பிற்காலப் பறத்தற் பயிற்சிகள் பலவற்றுக்கும் இதுவே அடித்தளம்.

ஈரடுக்குச் சிறகு

இம்முறைக்கு உகந்த கருவியாக உலகெங்கும் விமானப்படைகள் கையாண்டவை மேலொன்றும் கீழொன்றுமாக ஈரடுக்கு இறக்கை கொண்ட சிறு விமானங்கள். அமெரிக்காவில் ஸ்டியர்மன், ஜெர்மனியில் பியூக்கர் யுங்மன், சோவியத் நாட்டில் பொலிக்கார்ப்பவ் போ-2 என ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்று. அவற்றுள் போ-2, பயிற்சிக்கென எழுந்ததாயினும், இரண்டாம் உலகப் போரில் சோவியத் மகளிர் படைப்பிரிவு ஒன்றின் கையில் இரவுக் குண்டுவீச்சு விமானமாகவும் பணியாற்றிற்று. நம் நாட்டில் வழங்கியது பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் படைத்த டைகர் மாத்.

1931 அக்டோபர் 26 அன்று முதன்முதலாகப் பறந்த இவ்விமானம், 8,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உருவாக்கப்பட்டது. இறக்கைகள் மரச்சட்டங்களால் ஆனவை. அவற்றின்மேல் துணி போர்த்தி, இழுத்துத் தைத்து, துணி விறைத்து இறுகுமாறு ஒருவகைப் பூச்சுப் பூசுவர். எரிபொருள் மேலிறக்கையின் நடுவிலுள்ள தொட்டியிலிருந்து தன் எடையாலேயே இயந்திரத்துக்கு இறங்கி வரும். இயந்திரத்தின் ஆற்றல் 130 குதிரைத்திறன். விமானத்தின் வெற்றெடை ஏறத்தாழ 500 கிலோ. இயந்திரத்தை உயிர்ப்பிக்க ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். சக்கரத் தடையில்லை, தலைக்குமேல் கூரையில்லை. மணிக்கு 70 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் தாழ்ந்த பின்னரே தாங்குதிறன் இழக்கும்.

இவ்வளவு எளிய பொறி எதைக் கற்பித்தது? அதைப் பறக்கச் செய்வது எளிது. செம்மையாகப் பறக்கச் செய்வது அரிது என்பதே அதை ஓட்டியவர்களின் பொதுவான கருத்து. கோலை மட்டும் சாய்த்துத் திருப்ப முயன்றால் அதன் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். காலால் வால் சுக்கானையும் அளவறிந்து மிதித்தால்தான் திருப்பம் நேர்த்தியாக அமையும். பிழையான திருப்பத்தில் காற்று ஒரு கன்னத்தில் அறையும். ஆசிரியர் கண்டிப்பதற்கு முன்பே காற்று கண்டித்துவிடும். ஆயினும் பிழையைத் திருத்திக்கொள்ள அவ்விமானம் மாணவருக்கு நேரம் தந்தது. பிழையை மறைக்காமல் காட்டுதல், காட்டியபின் பொறுத்தல் என்னும் இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்ததுதான் நல்ல பயிற்சிக் கருவி. நல்ல ஆசிரியரும் அத்தகையவரே அல்லரோ!

இவ்விமானத்தின் உருவ வரலாற்றில் நம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. இதற்கு முன்னோடியான மாத் வகை விமானங்களில் முன்னிருக்கை மேலிறக்கையின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, தாங்குகால்களுக்கு இடையே அமைந்திருந்தது. ஆபத்து வந்தால் அங்கிருந்து வான்குடையோடு குதித்து வெளியேறுதல் கடினம். அந்த முன்னிருக்கை ஆசிரியருடையது. எனவே மேலிறக்கையின் நடுப்பகுதியை முன்னோக்கி நகர்த்தினர். அதனால் குலைந்த சமநிலையை மீட்க இறக்கைகளைச் சற்றே பின்சாய்த்தனர். டைகர் மாத்தின் தனித்தோற்றமாக இன்று படங்களில் நாம் காணும் பின்சாய்ந்த இறக்கை அழகுக்காக அமைந்ததன்று. ஆசிரியரின் உயிரையும் ஒரு பொருட்டாகக் கருதியதால் அமைந்தது.

மாணவர் பின்னிருக்கையில் அமர்வார். பாடம் முழுவதும் அவர் கண்முன் இருப்பது ஆசிரியரின் தலையும் தோளும். ஏறத்தாழப் பத்து மணி நேரப் பயிற்சிக்குப்பின் ஒருநாள், ஆசிரியர் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிக்கொண்டு, ஒருமுறை தனியே சுற்றிவருமாறு கையசைப்பார். அன்று மாணவர் முன்னே பார்க்கிறார். இருக்கை வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றிருக்கையே ஆசிரியர் அளிக்கும் பட்டம்.

நம் நாட்டு வானில்

இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. அதன் முதற்படைப்பிரிவு 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் வபிட்டி என்னும் ஈரடுக்கு இறக்கை விமானங்களோடு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது விமானிகள் பெருந்தொகையில் தேவைப்பட்டனர். ஹைதராபாத்தை அடுத்த பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் தொடக்கநிலைப் பறத்தற் பள்ளிகள் எழுந்தன. இரண்டிலும் முதற்பாடம் டைகர் மாத்தில்தான். பரங்கிமலையிலிருந்து வபிட்டி விமானங்கள் சென்னைக் கடற்கரையைக் காவல் காத்ததும் அப்போர்க்காலத்தில்தான்.

விடுதலைக்குப் பின், வி. எம். காட்கே என்னும் பொறியியல் அறிஞரின் தலைமையில் பெங்களூர் இந்துஸ்தான் விமான நிறுவனம் எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை உருவாக்கியது. 1951 ஆகஸ்டில் அது முதன்முதலாகப் பறந்தது. இந்தியர் வடிவமைத்து அந்நிறுவனம் கட்டிய முதல் விமானம் போர் விமானமன்று, பயிற்சி விமானம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய அறிஞர்கள் முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தனர். 1950களில் டைகர் மாத் மெல்ல விடைபெற, எச்.டி.-2 அவ்விடத்தை ஏற்றது. தாம்பரத்தில் பயிற்றுநர் பள்ளி நிலைகொண்டு, ஆசிரியர்க்கு ஆசிரியராக விளங்கிவருகிறது.

அதன்பின் நிகழ்ந்தது வருத்தம் தருவது. எச்.டி.-2க்குப் பின்வந்த எச்.பி.டி.-32 தீபக் என்னும் பயிற்சி விமானத்தில் இயந்திரம் நின்றுபோகும் குறை தொடர்ந்தது. 2009 ஜூலையில் நேர்ந்த விபத்தில் பயிற்றுநர் இருவரே உயிரிழந்தனர். அதுவரை 17 விபத்துகளில் 19 விமானிகள் மாண்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அத்தோடு அவ்விமானம் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வைக்க வேறொன்று ஆயத்தமாக இல்லை. தொடக்கநிலை மாணவர்கள் கிரண் என்னும் ஜெட் விமானத்திலேயே முதற்பாடம் கற்கும் நிலை வந்தது. அரிச்சுவடி இன்றிக் காப்பியம் தொடங்கியதற்கு இது ஒப்பு.

இந்நிலையில் 2012 அக்டோபர் 8ஆம் நாள் வந்தது. விமானப்படை நிறுவப்பட்டு 80 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட ஹிண்டன் தளத்தில் அணிவகுப்பு. அதில் பழைய டைகர் மாத் ஒன்று பறந்துசென்றது. மக்கள் கைதட்டி மகிழ்ந்தனர். மரமும் துணியும் கொண்ட அவ்விமானம் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள கைவினைஞர்களால் சீரமைக்கப்பட்டுத் திரும்பியது. நெசவுக்கும் தச்சுக்கும் பெயர்பெற்ற நாடு, துணி போர்த்த மர இறக்கையைச் சீர்செய்யக் கடல் கடந்து அனுப்பியது ஒரு வேடிக்கை. அதனினும் பெரிய முரண், பழமையான முதற்பாட விமானம் விழாவில் பறந்த அந்நாளில், பாடம் கற்பிக்கப் புதிய முதற்பாட விமானம் ஒன்றுகூடப் படையிடம் இல்லை என்பது. ஸ்விட்சர்லாந்திலிருந்து வாங்க ஒப்பந்தமான 75 பிலாட்டஸ் விமானங்களில் முதலாவது 2013 தொடக்கத்தில்தான் வந்தது. உள்நாட்டில் உருவான எச்.டி.டி.-40 பயிற்சி விமானம் 2016 மே 31 அன்று முதன்முதலாகப் பறந்தது. 70 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2023 மார்ச்சில் கையெழுத்தாயிற்று.

பழமையை அளவுக்கு மீறிப் புகழ்கிறோம் என்று சிலர் கருதலாம். துணி இறக்கைக்கே திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. டைகர் மாத்திலும் விபத்துகள் நேர்ந்தன, இளைஞர்கள் மாண்டனர். நாம் கூறுவது வேறு. பின்சாய்ந்த அந்த இறக்கையில் ஒரு கருத்து இருந்தது. முதற்பாடம் கற்பிப்பவரும் கற்பவரும் மதிப்புக்குரியவர்கள். அவர்களுக்கென ஒரு விமானத்தின் உருவையே மாற்றலாம் என்னும் கருத்து. பின்னாளில் போர் விமானங்கள் மீது நம் கண் சென்றது. முதற்படியை யாரும் பார்க்கவில்லை.

நம் வகுப்பறையில்

பிறரைக் குறைகூறுவதற்கு முன் நம்மை நோக்குதல் நன்று. கல்லூரிகளில் முதுகலை வகுப்பும் ஆய்வு வகுப்பும் பெருமைக்குரியவை எனக் கருதப்படுகின்றன. முதலாண்டுப் பகுதி ஒன்று தமிழ் வகுப்பு, கால அட்டவணையில் எஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக ஒதுக்கப்படுகிறது. நாமும் அவ்வகுப்புக்குப் பல நாள் குறிப்பேடு இன்றியே சென்றிருக்கிறோம். எழுபது பேர் அமர்ந்த அறை. யாருக்குப் புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்று பாராமல் மணி அடிக்கும்வரை பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், அவ்வகுப்பில் ஜவ்வாது மலையிலிருந்து வந்த மாணவர் ஒருவர் இருந்தார். தம் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. கடைசி வரிசையில் அமர்வார், கேட்டால் எழுந்து நிற்பார், பேசமாட்டார். முதல் தேர்வில் அவர் விடைத்தாளில் சிவப்பு மையால் பிழைகளைச் சுற்றி வட்டமிட்டோம். பிழைகளைக் காட்டினோம், மீளும் வழியைக் காட்டவில்லை. பொங்கல் விடுமுறைக்கு மலையேறியவர் திரும்பவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சில நாள் வெற்றிடம் கிடந்தது. பின்னர்ச் சிவப்புக் கோடொன்று இழுக்கப்பட்டது. அதையும் நாமே இழுத்தோம்.

முகாம் நாள்களில் அவரை ஊர்வழியில் எதிர்கொண்டோம். தலையில் சாமைக் கதிர்க்கட்டு. நம்மைக் கண்டதும் சுமையை இறக்கிவைத்து, "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையோடு வினவினார். அவர் முகத்தில் வருத்தமோ குறையோ இல்லை. அதுவே நம்மை வருத்தியது. அவர் பறக்கவில்லை என்பதற்கு அவரைக் காரணமாகச் சொல்லிவிடுவது எளிது. ஆசிரியர் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தாரா என்று அவர் கேட்கவில்லை. நாம் கேட்டுக்கொள்ளாமல் இருக்க இயலவில்லை.

ஆகவே இம்மலர் வழியே நம் துறைக்கும், இதுபோன்ற பிற துறைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பணியில் மூத்தவர் எவரோ அவரே முதலாண்டு வகுப்பின் முதற்பருவத்தைக் கற்பிக்கட்டும். முதல் ஆறு வாரங்களில் மதிப்பெண் இடாமல் எழுதச் செய்வோம். பிழையைக் காட்டும்போதே திருத்தும் முறையை அருகமர்ந்து காட்டுவோம். மலையிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வரும் முதல் தலைமுறை மாணவர் ஒவ்வொருவர் பெயரையும் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வோம். வகுப்புக்கு வராத மாணவரைப் பதிவேட்டில் தேடாமல் ஊரில் தேடுவோம். இவற்றுக்குப் பல்கலைக்கழக ஆணையோ நிதியோ தேவையில்லை.

முகாம் முடிவில் அச்சிறுவனிடம் விடை சொல்லாமல் வந்துவிட்டோம். அடுத்த முகாமில் சொல்ல வேண்டியது இப்போது நமக்குத் தெரியும். தம்பி, அதை ஓட்டுபவருக்கும் முதலில் ஒன்றும் தெரியாது. தாமே ஓட்டத் தெரிந்த ஒருவர், வேகம் குறைந்த சிறு விமானம் ஒன்றில் அவரோடு ஏறி, முன்னே அமர்ந்து, அவர் செய்த பிழைகளையெல்லாம் பொறுத்திருந்து கற்றுக் கொடுத்தார். அவருக்குக் கை நிலைத்ததும் இறங்கிக்கொண்டார். உனக்கும் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும். கீழே கல்லூரிக்கு நீ வரும் ஆண்டில், அந்த இருக்கையில் நாம் இருப்போம்.